வாசகர் கேள்வி பதில்: ஷாங்காய் பார்க்ல குடை விரிச்சு உக்காந்திருக்கற அம்மாக்கள்

கேள்வி: ஷாங்காய்ல ஒரு பார்க்ல பெத்தவங்க குடை மேல பிள்ளைங்க பயோடேட்டாவ மாட்டி வெச்சு வரன் தேடுறத வீடியோல பார்த்தேன். அவ்ளோ பெரிய சிட்டில இது நெஜமாவே நடக்குதா?

பதில்: நெஜம்தாங்க. ஊருக்கு நட்டநடுவுல இருக்கற மக்கள் பூங்காவுலதான், சனி ஞாயிறானா கூட்டம் கூடிடும். விரிச்ச குடைய தரைல சாய்ச்சு வெச்சு, அதுல ஒரு பேப்பர கிளிப் போட்டு மாட்டிட்டு, பக்கத்துலயே அம்மாவோ அப்பாவோ உக்காந்திருப்பாங்க. பேப்பர்ல பொறந்த வருஷம், உயரம், படிப்பு, சம்பளம், சொந்த ஃப்ளாட் இருக்கா, ஹுகோவ் எந்த ஊருன்னு வரிசையா எழுதியிருக்கும், முகம் பார்க்க போட்டோ பெரும்பாலும் இருக்காது. பல பிள்ளைங்களுக்கு அம்மா இப்படி வந்து உக்காந்திருக்கறதே தெரியாது.

இதப் பார்த்து சிரிக்கிறவங்க மேல எனக்கு கோவம்தான் வரும். ஒரு குழந்தைக்கு மேல கூடாதுன்னு சட்டம் இருந்த காலத்துல பெத்தவங்க இவங்க, அந்த சட்டம் 2015 கடைசி வரைக்கும் இருந்துச்சு, இருக்கறது ஒரே பொண்ணு, தனக்கு அப்புறம் அவளுக்குன்னு அக்கா தங்கச்சி கூட கிடையாதேங்கற பயம்தான் அந்த அம்மாவ வெயில்ல கொண்டாந்து உக்கார வைக்குது. அதே நேரம் அந்தப் பொண்ணு பக்கமும் நியாயம் இருக்கு. இருபத்தேழு தாண்டி கல்யாணம் ஆகலைன்னா 'ஷெங் நூ', அதாவது மிஞ்சிப்போன பொண்ணுன்னு ஒரு பேரு, நல்லா படிச்சு சம்பாதிக்கிற பொண்ண மிஞ்சிப்போன சோறு மாதிரி பேசறது எனக்கு சுத்தமா புடிக்கல.

கேள்வி: அது என்னங்க ஹுகோவ்? அதுக்கு ஏன் இவ்ளோ மவுசு?

பதில்: நீங்க எந்த ஊருக்காரங்கன்னு அரசாங்கம் போடற குடும்பப் பதிவுதான் அது, 1958-ல சட்டமாச்சு. கிராமத்துப் பதிவு இருக்கறவர் பத்து இருபது வருஷம் ஷாங்காய்ல கட்டட வேலை செஞ்சாலும் ஷாங்காய்காரர் ஆயிட முடியாது. பிள்ளைக்கு கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சீட் கிடைக்கறது கஷ்டம், காலேஜுக்கான காவோகாவ் பரீட்சைய பெரும்பாலும் பதிவு இருக்கற மாகாணத்துக்கே போய்தான் எழுதணும். அதனாலதான் எத்தனையோ பேர் பிள்ளைய தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டு வந்துடறாங்க, வருஷப் பொறப்புக்கு ஊருக்குப் போறப்பதான் முகத்த பார்க்கறதே. சின்ன ஊர்கள்ல இப்போ விதிய நிறைய தளர்த்திட்டாங்க, பெய்ஜிங் ஷாங்காய்ல இன்னமும் கெடுபிடிதான். குடைல மாட்டின பேப்பர்ல அந்த ஒரு வரிய ஏன் மறக்காம எழுதறாங்கன்னு இப்போ புரியுதா?

கேள்வி: சாயங்காலமானா அங்க வயசான பொம்பளைங்க ரோட்டோரம் ஸ்பீக்கர் போட்டு கும்பலா ஆடுறாங்களே, எதுக்கு?

பதில்: அதுக்கு 'குவாங்சாங் வூ', மைதான டான்ஸ்னு பேரு. அங்க பொம்பளைங்க பல பேர் ஐம்பது, ஐம்பத்தஞ்சுலயே ரிட்டயர் ஆயிடுவாங்க, 2025-லேர்ந்துதான் அந்த வயச கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வர்றாங்க. இருக்கற ஒரே பிள்ளையும் ஆபீஸ்லேர்ந்து ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தா உண்டு, அதுவரைக்கும் வீட்டுல யாரு கூட பேசறது? மேல் வீட்டுக்காரங்க சத்தம்னு சண்டைக்கு வருவாங்க, 2022-ல வந்த சத்தக் கட்டுப்பாட்டு சட்டத்துல இதையும் சேர்த்துட்டாங்க, இப்போ சில குரூப்ல எல்லாரும் ஹெட்போன் மாட்டிட்டு ஆடுறாங்க.