நாலு றூம் கெஸ்ட் ஹவுஸுக்கு விக்ஸா, வேர்ட்பிரஸ்ஸா?

கேள்வி: அண்ணா, திருகோணமலை உப்புவெளியில நாலு றூம் வச்சு கெஸ்ட் ஹவுஸ் நடத்துறம். புக்கிங் சைட்டுகளுக்குக் கமிஷன் குடுத்துக் கட்டுப்படியாகுதில்ல, அதால சொந்தமா ஒரு வெப்சைட் போடுவம் எண்டு இருக்கிறம். மகள் விக்ஸ்ல தானே செய்து தாறன் எண்டுறா. தெரிஞ்ச தம்பி ஒருத்தர் வேர்ட்பிரஸ்தான் நல்லம், அது ஃப்ரீ எண்டுறார். எதை எடுக்கிறது?

பதில்: தங்கச்சி, விக்ஸ், வேர்ட்பிரஸ் ரெண்டும் வெப்சைட் கட்டுற கருவிதான். அந்த ஃப்ரீ எண்ட கதையை முதல்ல பாப்பம். வேர்ட்பிரஸ் 2003ல வந்த நாள்ல இருந்து ஃப்ரீதான், ஆனா அதை ஏத்தி வைக்க ஹோஸ்டிங் (சைட்டை வைக்கிற சேர்வர்ல வாடகை இடம்) வாங்கோணும், டொமைன் (சைட்டின்ர இன்டர்நெட் முகவரிப் பேர்) வாங்கோணும், பிறகு தீம் (சைட்டின்ர தோற்றம்), பிளகின் (கூட்டிச் சேர்க்கிற வசதி) எல்லாத்தையும் விடாம அப்டேட் பண்ணிக்கொண்டே இருக்கோணும், பேக்கப் எடுக்கோணும். விக்ஸ்ல நீங்க காசைக் கட்டினா சேர்வர், அப்டேட், பாதுகாப்பு எல்லாம் அவங்கட பொறுப்பு. (வேர்ட்பிரஸ் டொட் கொம் எண்டு ஒண்டும் இருக்கு, அதுவும் விக்ஸ் மாதிரி அவங்களே வச்சுப் பாக்கிறதுதான். தம்பி சொல்றது டொட் ஓர்க்ல இருந்து எடுத்து நாங்களே ஏத்துறது. ரெண்டையும் குழப்பாதீங்க.)

என்ர மச்சான் ஒராள் நிலாவெளிப் பக்கம் புறாத்தீவுக்குப் போட் விடுறவர், அவருக்கும் ஒரு பொடியன் வேர்ட்பிரஸ்ல வடிவா சைட் செய்து குடுத்தான். செய்தவன் பிறகு கட்டாருக்குப் போயிட்டான், ரெண்டு வருசம் ஒருத்தரும் உள்ள போய்ப் பாக்கேல்ல. ஒருநாள் கூகிள்ல அவற்ற கடைப் பேரை அடிச்சுப் பாத்தா, அவற்ற சைட்டுக்குக் கீழ வரிவரியா ஜப்பான் எழுத்தில சப்பாத்து, ஹாண்ட்பேக் விளம்பரம். பழைய பிளகின் ஒண்டுக்குள்ளால பூந்திருக்கிறாங்கள். துப்பரவாக்குவம் எண்டா டொமைன், ஹோஸ்டிங் ரெண்டும் அந்தப் பொடியன்ட பேரில, பாஸ்வேர்ட்டும் இல்ல. நல்ல சீசன் நேரம் மனுசன் தலையில கைய வச்சிட்டு இருந்தார், எனக்கு இப்பவும் அந்த முகம்தான் ஞாபகம் வருது.

அதுக்காக விக்ஸ் பிழையில்லாத சாமான் எண்டு சொல்ல மாட்டன். அங்க கட்டின சைட்டை அப்பிடியே தூக்கிக்கொண்டு வேற ஹோஸ்டிங்குக்குப் போக ஏலாது, வெளிய போனா திரும்ப முதல்ல இருந்து கட்டுறதுதான். ஃப்ரீ பிளான்ல அவங்கட விளம்பரம் நிக்கும், சொந்த டொமைன் போட ஏலாது, அதால காசு கட்டுற பிளான் எடுத்தே ஆகோணும். காசும் டொலர் கணக்கு, 2022ல டொலர் 200 ரூபாயில இருந்து சில மாசத்தில 360க்குப் போனது உங்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்ல. உள்ளூர் ஹோஸ்டிங் எண்டா ரூபாயிலயே கட்டலாம்.

இன்னொண்டு, வெப்சைட்லயே கார்ட்ல அட்வான்ஸ் எடுக்கிற யோசனை இருந்தா, ஸ்ட்ரைப் எண்ட வெளிநாட்டு கார்ட் பேமென்ட் சேவை இலங்கையில குடுக்கிறேல்ல, பேஹியர் மாதிரி உள்ளூர் கேட்வே (கார்ட் காசை வாங்கித் தாற சேவை) தான், அது நீங்க எடுக்கிற பிளானோட சேருமா எண்டு காசு கட்ட முதல் கேளுங்க. நாலு றூமுக்கு வட்ஸ்அப் பட்டன் ஒண்டு காணும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

என்னைக் கேட்டா மகள் சொல்றதைச் செய்யுங்க. உங்களுக்கு வேண்டியது றூம் படம், விலை, கடற்கரைக்கு எவ்வளவு தூரம், வட்ஸ்அப் நம்பர், இவ்வளவுதான், அதை மகளே தன்ர கையால மாத்தக்கூடியதா இருக்கிறது பெரிய விசயம். தம்பி பக்கத்திலயே இருந்து மாசாமாசம் அப்டேட் பாப்பார், அதுக்கு இவ்வளவு காசு எண்டு பேசி முடிச்சா மட்டும் வேர்ட்பிரஸ்ஸுக்குப் போங்க.

ஆனா எதை எடுத்தாலும் டொமைனைத் தனியா, உங்கட பேரில, உங்கட மெயில்ல வாங்குங்க. அது கையில இருந்தா நாளைக்கு விக்ஸை விட்டுட்டு வேற இடம் போனாலும் விசிட்டிங் கார்ட்ல அடிச்ச பேர் மாறாது. படங்களையும் எழுதினதுகளையும் வீட்டுக் கம்பியூட்டர்ல ஒரு ஃபோல்டர்ல வச்சிருங்க. மே மாசம் ஆக்கள் வரத் தொடங்கிருவாங்க, அதுக்கு முன்னம், மாரி விட்ட கையோட இருந்து செய்தா அவசரமில்லாம முடிக்கலாம்.