அற்றைத் திங்களும் தறப்பாளும்

வணக்கம் ஐயா. செட்டிகுளத்து மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் தறப்பாளுக்குக் (தார்ப்பாய்க்குக்) கீழே இருந்ததையும், தண்ணிப் பவுசருக்கு வரிசையில் நின்றதையும் பற்றிய என் கவிதையை இத்துடன் அனுப்பியுள்ளேன். வாசித்தவர்கள் ‘பாவம்’ என்கிறார்கள், கவிதையைப் பற்றி ஒன்றும் சொல்கிறார்கள் இல்லை. உண்மையைச் சொன்னால் போதாதா? ஓசை, யாப்பு எல்லாம் பழைய அலங்காரம்தானே?
— ஒரு வாசகர், ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

உங்கள் கவிதையில் கண்ணீர்க் கடல், துயரத் தீ எல்லாம் இருக்கின்றன. புறநானூறு 112ஐ ஒருக்கால் எடுத்துப் பாருங்கள். மூவேந்தரால் பறம்பு மலையையும் அதை ஆண்ட பாரியையும் இழந்த பிறகு அவன் மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

அன்றைய நிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை; இன்றைய நிலவில் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான், அழுகை என்ற சொல்லே இல்லை. முதலடியும் மூன்றாம் அடியும் ஒன்றுதான். இரண்டு இடத்தில் ‘அ’ போய் ‘இ’ வந்திருக்கிறது, அவ்வளவு. (இகரம் சோக எழுத்து என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இனிப்பும் இகரத்தில்தான் தொடங்குகிறது. முன்னால் அந்த அகரம் ஒலித்திருப்பதால்தான் இந்த இகரம் வலிக்கிறது.)

எனக்குப் பிடித்தது நாலாம் அடி. இந்தப் பாட்டின் யாப்பான நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடிக்கு மூன்றே சீர், மற்றவற்றுக்கு நான்கு. அந்த ஒரு சீர் குறைவதால் ‘எம்’ அடியின் முனையில் தனித்து நிற்கிறது, ‘குன்று’ அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. இரண்டாம் அடியில் ‘எம் குன்றும்’ சேர்ந்தே இருந்தன. மலை கைவிட்டுப் போனதை இங்கே யாப்பே செய்து காட்டுகிறது, அதைப் போய் அலங்காரம் என்கிறீர்கள்! வரிசையும் மாறுகிறது: முன்பு தந்தை, பிறகு குன்று, இப்போது குன்று முதலில், தந்தை கடைசியில்.

சரி, நீங்கள் ஆசிரியப்பா எழுத வேண்டியதில்லை. ஆனால் வரியை எங்கே முறிப்பது என்பது புதுக்கவிதையிலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்களோ மூச்சு முட்டும் இடத்தில் முறித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. கடிதத்தில் ‘தறப்பாள்’ என்று எழுதிய நீங்கள் கவிதையில் ஏன் ‘கூடாரம்’ ஆக்கினீர்கள்? கூடாரம் அரசர்களுக்கும் உண்டு. தறப்பாளில் செட்டிகுளத்து வெக்கை இருக்கிறது. காற்றுக்கு அது படபடக்கிற சத்தம் அந்த வல்லெழுத்துகளிலேயே கேட்கிறது. ‘நீர் வண்டி’யையும் பவுசர் ஆக்குங்கள். வன்னியில் யாரும் நீர் வண்டிக்கு வாளி தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

அம்மா வாளியை வரிசையில் வைத்துவிட்டு வருகிற இடம் நன்றாக இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ளதையெல்லாம் வெட்டிவிட்டு, அங்கிருந்து தொடங்கித் திரும்ப அனுப்புங்கள்.