20,000 ரூபாய்க்குள் சின்ன விண்டோஸ் டேப்லெட் வாங்கலாமா? நல்லது என்ன, கெட்டது என்ன?

கேள்வியில் இரண்டு தேவைகள் சொல்லியிருக்கிறீர்கள். கடையில் பில் போட வேண்டும். வீட்டில் மகள் கல்லூரிப் பாடம் பார்க்கவும் குறிப்பு எழுதவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 8 அல்லது 10 அங்குலத்தில் ஒரே விண்டோஸ் டேப்லெட், 20,000 ரூபாய்க்குள், பழையதானாலும் பரவாயில்லை. என் பதில்: கடை வேலைக்கு, அதுவும் ஒரே ஒரு வேலைக்கு என்றால், பார்த்து வாங்கலாம். மகளுக்கு வேண்டாம்.

திருப்பூர்ப் பக்கம் சின்னக் கடைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் பில்லிங் கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2015 வாக்கில் சந்தைக்கு வந்த இந்தச் சின்ன டேப்லெட்டுகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. சில இன்னும் கல்லாவில் ஓடுகின்றன. மற்றவை யாருடைய மேஜை டிராயரிலாவது சார்ஜ் இறங்கிக் கிடக்கும்.

இவை ஏன் அவ்வளவு மலிவாக வந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். 2014 ஏப்ரலில், 9 அங்குலத்துக்குக் குறைவான திரை உள்ள சாதனங்களுக்கு விண்டோஸ் உரிமக் கட்டணம் கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே சமயத்தில் 1 ஜிபி ரேமும் 16 ஜிபி சேமிப்பும் இருந்தாலே விண்டோஸ் 8.1 போடலாம் என்று வரம்பையும் இறக்கினார்கள். இன்னொரு பக்கம் இன்டெல். டேப்லெட் சந்தை முழுக்க ஏஆர்எம் என்ற போட்டி வகைச் சிப்புகளிடம் போய்விட்டதே என்று, 'ஆட்டம்' (Atom) என்று பெயரிட்ட தன் சிப்புகளைக் கைக்காசு போட்டுத் தயாரிப்பாளர்களிடம் தள்ளியது. 2014இல் மட்டும் அதன் மொபைல் பிரிவுக்கு 400 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். அந்தக் காசில்தான் எச்பி ஸ்ட்ரீம் 7 போன்ற 7 அங்குல டேப்லெட் 99 டாலருக்கு, ஒரு வருட ஆபீஸ் 365 சந்தாவோடு விற்றது. இங்கே மைக்ரோமேக்ஸ் கேன்வாஸ் லேப்டேப் கீபோர்டோடு 14,999 ரூபாய்க்கு 2015இல் வந்தது. 2016இல் டேப்லெட்டுக்கும் போனுக்கும் வரவிருந்த அடுத்த ஆட்டம் சிப்புகளை இன்டெல் கைவிட்டதும் கதை முடிந்தது. இன்று பழைய சந்தையில் உங்கள் கண்ணில் படும் 8 அங்குல விண்டோஸ் டேப்லெட் பெரும்பாலும் அந்தக் காலத்து மிச்சம்தான்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் திட்டுகிற அளவுக்கு இவை மோசமில்லை.

எனக்கு இவற்றில் பிடித்த முதல் விஷயம், மின்விசிறி கிடையாது. ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுபவர்கள் இதைச் 'சத்தம் வராது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பனியன் கம்பெனியில் கணினி வைத்துப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும். காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கும். லேப்டாப்பின் விசிறி அதை உள்ளே இழுத்து, கொஞ்ச நாளில் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் மேல் பஞ்சு மெத்தையே போட்டுவிடும். அப்புறம் சூடாகி அணைந்து போகும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். டேப்லெட்டில் உள்ளே போக வழியே இல்லை. மேலே துணியால் துடைத்தால் போதும். மாவு மில், மரக்கடை, சிமெண்ட் கடை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, பேட்டரி. கரண்ட் போனால் பாதி பில்லோடு கணினி அணைவது என்ற பிரச்சினையே இல்லை. தனியாக யூபிஎஸ் வாங்கும் செலவு மிச்சம். கையில் எடுத்துக்கொண்டு குடோனுக்குள் போய் ஸ்டாக் எண்ணலாம்; புளூடூத் பார்கோடு ஸ்கேனர் நன்றாகவே இணைகிறது.

மூன்றாவது, இது உண்மையான விண்டோஸ். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஆயிரம் ஆப் இருக்கலாம். ஆனால் ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட ஆண்ட்ராய்டு போதாது, விண்டோஸ் மாதிரி முழுக் கணினி வேண்டும். பழைய பில் பிரிண்டரின் டிரைவரும் அப்படித்தான். பாமினியிலோ வானவில்லிலோ அடித்த பழைய தமிழ்க் கோப்பு வந்தால், எழுத்துருவைப் போட்டுவிட்டு அப்படியே திறக்கலாம். அச்சகத்தோடு கொடுக்கல் வாங்கல் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்த டேப்லெட்டுகளில் பெரும்பாலும் 32 பிட் விண்டோஸ்தான் இருக்கும், அதாவது இன்றைய 64 பிட்டுக்கு முந்தைய வகை. அது குறைதான், கீழே சொல்கிறேன். ஆனால் டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் நேரடியாக ஓடும், 64 பிட்டில் ஓடாது. இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராமை மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கும் முதலாளிகளுக்கு, கனமான புதுக் கணினியால் தர முடியாததை இந்தச் சின்னப் பெட்டி தருகிறது.

இனி கெட்டது. முதலில் சேமிப்பு. அதைப் பற்றி மட்டும் ஒரு தனிப் பதில் எழுதலாம்.

டப்பாவில் 32 ஜிபி என்று போட்டிருக்கும். விண்டோஸில் திறந்து பார்த்தால் 29 சொச்சம் காட்டும். அதில் விண்டோஸ், மீட்புப் பகுதி, ரேமுக்குத் துணையாக ஒதுக்கும் கோப்பு எல்லாம் போக, வாங்கிய அன்றே பாதி போயிருக்கும். அதன் மேல் ஆபீஸ், ஒரு பிரவுசர். மிச்சம் இருப்பதை விண்டோஸ் அப்டேட்டே மெல்ல மெல்லத் தின்னும். நீங்கள் ஒரு கோப்பும் சேமிக்காமல் இருந்தாலும் இடம் குறைந்துகொண்டே போகும். விண்டோஸ் 10இன் பெரிய அப்டேட் ஒவ்வொன்றும் பல ஜிபி காலியிடம் கேட்கும். இடம் இல்லையென்றால் பென்டிரைவ் செருகு என்று சொல்லும். செருகுவதற்கு இருப்பது ஒரே ஒரு மைக்ரோ யூஎஸ்பி துளை, பல மாடல்களில் சார்ஜ் ஏறுவதும் அதே வழியாகத்தான். மணிக்கணக்கில் நடக்கிற அப்டேட்டுக்குப் பென்டிரைவும் வேண்டும், சார்ஜரும் வேண்டும், துளை ஒன்றுதான். இப்படி ஒரு வடிவமைப்பை யோசித்தவர் அதில் ஒரு முறையாவது அப்டேட் செய்து பார்த்திருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம். சில மாடல்களில் தனி வகை ஹப் போட்டால் இரண்டும் ஓடும், சிலவற்றில் எதைப் போட்டாலும் ஓடாது.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். படம், பாட்டு, பில் நகல் இவற்றை வைக்கலாம். விண்டோஸை அங்கே மாற்ற முடியாது. உள்ளே இருக்கும் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது. ரேமும் அப்படியே. இன்று 2 ஜிபி என்றால் கடைசி வரை 2 ஜிபிதான். இஎம்எம்சி எழுதும் வேகமும் லேப்டாப்பில் வரும் எஸ்எஸ்டி சேமிப்போடு ஒப்பிட மிகக் குறைவு. பின்னணியில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் பில் திரை உறைந்து நிற்கும், வாடிக்கையாளர் பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

இப்போது 32 பிட் விஷயம். இன்டெல் ஆட்டம் இசட்3735எஃப் போன்ற சிப்புகள் 64 பிட் தாங்கும். ஆனால் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் விண்டோஸைக் கிளப்பிவிடும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை 32 பிட்டில்தான் போட்டார்கள். ஃபர்ம்வேர் 32 என்றால் விண்டோஸும் 32தான், மாற்ற வழி இல்லை. டேலி பிரைம் 64 பிட்டில் மட்டும்தான் ஓடும். உங்கள் கடைக் கணக்கு டேலியில் என்றால் இந்த ஒரு காரணமே போதும், பழைய ஆட்டம் டேப்லெட் பக்கமே போகாதீர்கள். 1 ஜிபி ரேம் வகையறாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரவுசரில் இரண்டு டேப் திறந்தாலே குருவி தலையில் பனங்காய்.

திரை. 8 அங்குலத்தில் 1280×800 புள்ளிகள். எழுத்து தெரியட்டும் என்று அளவை 150 சதவீதமாக ஏற்றினால், உயரத்தில் 533 புள்ளிக்கான இடம்தான் மிஞ்சும். பழைய பில்லிங் மென்பொருளின் ஜன்னல்கள் அதற்குள் அடங்காது. 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும். அளவைக் குறைத்தால் பொத்தான் தெரியும், விரலால் தொட முடியாது. திரைக் கீபோர்டு வந்தால் பாதித் திரை காலி. ஆகவே ஒரு சின்ன வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வைஃபை பலவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். கடைத்தெருவில் எல்லாக் கடையும் அதே அலைவரிசையில் இருக்கும்போது சொதப்பும். கேமரா பற்றி எழுத ஒன்றுமில்லை.

பேட்டரியை மேலே புகழ்ந்தேன். அதன் மறுபக்கம், நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடந்தால் வருடங்களில் அது உப்பும். திரை ஒரு ஓரத்தில் லேசாக எழும்பியிருந்தால் அதுதான் அறிகுறி, உடனே நிறுத்திவிட வேண்டும். இந்த மாடல்களுக்கு அசல் பேட்டரி இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு.

பாதுகாப்பு அப்டேட் இன்னொரு தலைவலி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் வீட்டுப் பயனர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் வேண்டும்; அதோடு திரை 9 அங்குலத்தை விடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பதும் விதி. 2014இல் 9 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் இலவசம் என்று கூப்பிட்ட அதே நிறுவனம்தான்! இன்டர்நெட்டே இல்லாமல் பில் மட்டும் போடுகிற டேப்லெட் என்றால் விண்டோஸ் 10 இருந்துவிட்டுப் போகட்டும். வங்கிக் கணக்கையும் ஜிஎஸ்டி தளத்தையும் அதில் திறப்பதாக இருந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்படியானால் என்ன வாங்கலாம்?

கடைக்கு: டேப்லெட்தான் வேண்டும் என்றால், இன்டெல் என்100 சிப், 8 ஜிபி ரேம், 128 ஜிபிக்குக் குறையாத சேமிப்பு, 10 அங்குலம். இந்தச் சிப் 2023இல் வந்தது, பழைய ஆட்டத்தோடு ஒப்பிடவே கூடாது, அவ்வளவு வேகம். மைக்ரோசாஃப்ட்டின் டேப்லெட்டான சர்ஃபேஸ் கோ பழையது கிடைத்தால், முதல் தலைமுறையா இரண்டாவதா என்று கேளுங்கள். முதலாவதன் சிப் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, இரண்டாவது இருக்கிறது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி உள்ள அடிப்படை மாடலை எடுக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப் மட்டும் ஏறுகிற எஸ் மோடில் வந்தால் பயப்பட வேண்டாம், காசு கொடுக்காமலே அதிலிருந்து வெளியே வந்துவிடலாம். விண்டோஸ் ஆர்டி என்று எழுதியிருந்தால் மட்டும் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். 2012 காலத்துச் சரக்கு, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், உங்கள் பில்லிங் மென்பொருள் எதுவும் அதில் ஏறாது.

மகளுக்கு: அதே 20,000க்குள் எட்டாம் தலைமுறை இன்டெல் சிப், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பழைய திங்க்பேட் அல்லது லேட்டிட்யூட் வகை ஆபீஸ் லேப்டாப் தேடினால் கிடைக்கிறது. நான்கு வருடப் படிப்புக்கு அதுதான் தாங்கும். பேனாவால் குறிப்பெழுதத்தான் ஆசை என்றால், பேனாவோடு வரும் ஆண்ட்ராய்டு டேப்லெட் இந்த விலையில் எந்த விண்டோஸ் டேப்லெட்டையும் விட நன்றாக எழுதும்.

பழையது வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையிலேயே இவற்றைச் செய்து பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் 32 பிட்டா 64 பிட்டா என்று எழுதியிருக்கும். ஏதாவது ஒரு ஐகானை விரலால் பிடித்துத் திரையின் நான்கு மூலைக்கும் இழுங்கள், நடுவில் கைவிட்டால் தொடுதிரையில் கோளாறு. சார்ஜரையும் பென்டிரைவையும் ஒரே நேரத்தில் போட முடிகிறதா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ரீசெட் செய்யக் கை பரபரக்கும். அதற்கு முன் எல்லா டிரைவர்களையும் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. பெயர் தெரியாத பிராண்டு டேப்லெட்டுகளில் தொடுதிரைக்கான ஃபர்ம்வேர் கோப்பு ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு. அது போய்விட்டால் ஒன்று திரை தொட்டதற்கே அசையாது, அல்லது இடது பக்கம் தொட்டால் வலது பக்கம் திறக்கும். அப்புறம் அதே மாடல் வைத்திருக்கும் இன்னொருவரைத் தேடிப் பிடித்து அந்தக் கோப்பை வாங்கும் வரை மவுஸ்தான்.