பிரவுன்ஸ் கேள்வி பதில்: இரண்டாவது பிக்கை விற்றது சரியா?

அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் ரசிகர்களுக்கான கேள்வி பதில் இது, 2025 மே மாதத்தில். ஏப்ரல் 24 முதல் 26 வரை கிரீன் பேயில் டிராஃப்ட், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் நிகழ்ச்சி, முடிந்துவிட்டது, சீசன் அட்டவணையும் வந்துவிட்டது. அணி திரும்பி வந்த அதே 1999-இல்தான் நானும் ஒஹாயோவுக்கு வந்தேன். டிராஃப்ட், ஒப்பந்தம், சம்பளக் கணக்கு எதுவானாலும் கேளுங்கள். ஃபேன்டஸி, பந்தயம் பற்றி மட்டும் வேண்டாம்.

கொலம்பஸ்: அண்ணா, நான் இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. ஆபீஸ்ல எல்லாரும் டிராஃப்ட் பத்தியே பேசறாங்க. ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை தம்பி. ஏலத்தில் யார் அதிகம் கொடுக்கிறாரோ அவருக்கு ஆட்டக்காரர். இங்கே வரிசைதான் எல்லாம். போன சீசனில் அடிமட்டத்தில் இருந்த அணி முதலில் எடுக்கும், கோப்பை வென்ற அணி கடைசியில் எடுக்கும். 32 அணிகள், 7 சுற்றுகள். நாம் 2024-இல் 17 ஆட்டத்தில் 3 மட்டும் ஜெயித்தோம், அதனால் இரண்டாவது இடம் கிடைத்தது.

முக்கியமானது இதுதான்: 'பிக்' என்று சொல்லும் அந்த இடத்தையே விற்கலாம், வாங்கலாம். அடுத்த வருடத்து இடத்தைக்கூட இன்றைக்கே கொடுத்துவிடலாம். முதல் சுற்றில் வருகிற பையனுக்கு நான்கு வருடச் சம்பளம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டான் என்பதை வைத்தே அமைந்துவிடும், அனுபவசாலிகளின் சம்பளத்தோடு பார்த்தால் அது மிகக் குறைவு. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஒரு நல்ல குவார்ட்டர்பேக் அந்த விலையில் அமைந்துவிட்டால் மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை எல்லாம் நிரப்பலாம். கிளீவ்லேண்டின் இருபத்தைந்து வருடத் துக்கம் அந்த ஒருவர் அமையாததுதான்.

அக்ரன்: ஷெடூர் சாண்டர்ஸா, டில்லன் கேப்ரியலா? முதல் ஆட்டத்தில் யார்?

அந்த இரண்டு புதுக் குவார்ட்டர்பேக்குகளும் இல்லை, ஜோ ஃபிளாக்கோ என்பது என் கணிப்பு. வயது 40. ஆனால் 2023 கடைசியில் வந்து ஆரம்பித்த ஐந்து ஆட்டத்தில் நான்கை ஜெயித்துக் கொடுத்தவர். கென்னி பிக்கெட்டையும் மார்ச்சில் பிலடெல்ஃபியாவிடமிருந்து வாங்கியிருக்கிறோம். கேப்ரியலை மூன்றாம் சுற்றில் 94-ஆவதாகவும், ஷெடூரை ஐந்தாம் சுற்றில் 144-ஆவதாகவும் எடுத்தார்கள். யார் மேல் நிர்வாகத்துக்கு நம்பிக்கை அதிகம் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்கின்றன. ஷெடூர் முதல் சுற்றில் போவார் என்று பேசாதவர் இல்லை. 144 வரை சரிந்தது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஐந்தாம் சுற்றுப் பையனைக் காப்பாற்ற வந்தவனாக வரவேற்பது அவருக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

என் பழைய எச்சரிக்கையை மறுபடி சொல்கிறேன்: குவார்ட்டர்பேக் பெயர் போட்ட ஜெர்சியை வாங்காதீர்கள். 1999-இலிருந்து இதுவரை 40 பேர் அந்த இடத்தில் ஆட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள்.

டல்லஸ்: சார், நேரடியா கேக்கறேன். டிராவிஸ் ஹண்டர் தலைமுறைக்கு ஒருத்தர். காலேஜ் ஆட்டத்துல சிறந்தவருக்கான ஹைஸ்மன் விருது வாங்கினவர். பந்து பிடிக்கவும் செய்வார், தடுக்கவும் செய்வார். கைக்கு வந்தவரை ஜாக்சன்வில்லுக்குத் தூக்கிக் கொடுத்துட்டோமே, இதுக்குப் பேரு நிர்வாகமா?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்ன கொடுத்தோம், என்ன வாங்கினோம் என்று முதலில் பார்ப்போம். 2, 104, 200 ஆகிய இடங்களைக் கொடுத்தோம். 5, 36, 126 ஆகிய இடங்களும் ஜாக்சன்வில்லின் 2026 முதல் சுற்றுப் பிக்கும் வந்தன. ஐந்தில் மேசன் கிரஹாம், 36-இல் குவின்ஷான் ஜட்கின்ஸ், 126-இல் டிலன் சாம்ப்சன். ஒருவருக்குப் பதில் மூன்று பேர், அடுத்த வருடம் நாலாவது ஆள்.

ஹண்டர் பெரிய ஆட்டக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்குப் பந்தை எறிய நம்மிடம் யார் இருக்கிறார்? இந்த வருட டிராஃப்டில் முதல் சுற்றில் போன குவார்ட்டர்பேக்குகள் இரண்டே பேர்: முதல் இடத்தில் கேம் வார்ட், 25-இல் ஜாக்சன் டார்ட். சரக்கு இல்லாத சந்தையில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குக் காத்திருப்பவன்தான் விவரமானவன். 2026-இல் நமக்கு முதல் சுற்றில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. பொது மேலாளர் ஆண்ட்ரூ பெர்ரி இந்த அணிக்குச் செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

டல்லஸ் (மறுபடி): இதையேதான் 2016-லயும் சொன்னாங்க. பிக் சேக்கறோம், சேக்கறோம்னு ரெண்டு வருஷத்துல 1 வெற்றி, 31 தோல்வி. சேத்து வெச்சு என்ன கண்டோம்?

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். அந்த இரண்டு வருடமும் எனக்கு மறக்காது. 2018 ஜனவரியில், 16-க்கு 16 தோற்றதற்கு மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். கடுங்குளிரில் நண்பர்கள் கூப்பிட்டார்கள், எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கதையை முழுதாகப் பாருங்கள். 2016-இல் இரண்டாவது இடத்தை விற்றோம், பிலடெல்ஃபியா குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தது. 2017-இல் 12-ஆவது இடத்தை ஹூஸ்டனுக்கு விற்றோம், அவர்கள் எடுத்தவர் குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சன். அதற்கு மாற்றாக வந்த 2018 பிக்கில் நான்காவதாக டென்சல் வார்டை எடுத்தோம். இன்றும் நம் அணியின் தூண்களில் ஒருவர். அதே 2017-இல் முதல் இடத்தில் தடுப்பாட்டக்காரர் மைல்ஸ் காரெட். அப்படியானால் விற்றது தவறா? பிக்குகளைச் சேர்த்து வைத்த நிர்வாகி சாஷி பிரவுனை 2017 டிசம்பரில் அனுப்பிவிட்டு, அவர் சேர்த்ததைச் செலவு செய்ய வேறொருவரைக் கொண்டுவந்ததுதான் தவறு. விதைத்தவன் அறுப்பதற்குள் வயலைக் கைமாற்றுவது இந்த அணியின் பழைய வியாதி. ஹஸ்லம் குடும்பம் 2012-இல் அணியை வாங்கியது. கெவின் ஸ்டெஃபான்ஸ்கி 2020-இல் வருவதற்குள் எத்தனை பயிற்சியாளர்கள் வந்து போனார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பிறகு 2022 மார்ச்சில் என்ன செய்தோம்? எந்த வாட்சனை எடுக்க 12-ஆவது இடத்தை விற்றுக் கொடுத்தோமோ, அதே வாட்சனுக்காக அதே ஹூஸ்டனிடம் மூன்று முதல் சுற்றுப் பிக்குகளைக் கொடுத்தோம். பிக் சேர்ப்பதால் நாம் கெட்டுப்போனதில்லை. சேர்த்ததை அவசரத்தில் அள்ளிக் கொடுத்துக் கெட்டுப்போனோம்.

ஜாக்சன்வில்: எங்க ஊர்ல இதைப் படிக்கறோம் சார். எங்க பிக் உங்களுக்கு இருபதுக்கு மேலதான் வரும், பாருங்க.

வரட்டும். நீங்கள் நிறைய ஜெயித்து, பிக் பின்னால் தள்ளி இருபதுக்கு மேல் வந்தாலும் முதல் சுற்றுதான். நீங்களும் 2024-இல் நான்கு ஆட்டம்தான் ஜெயித்தீர்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

சின்சினாட்டி: ரெண்டு பக்கமும் முழு நேரம் ஒருத்தரால ஆடவே முடியாது. உடம்பு தாங்காது. டல்லஸ்காரர் இதை யோசிச்சாரா?

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடியுமா முடியாதா என்பதை ஹண்டர் ஆடிக் காட்டட்டும். பிக்கை விற்றதற்கு நான் சொல்கிற காரணம் அவருடைய குறை அல்ல, நம்முடைய ஓட்டை. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

டல்லஸ் (மூன்றாம் முறை): கடைசியா ஒண்ணு. அந்த 2026 பிக்குகளையும் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டா?

அப்போது நீங்கள் சொன்னது சரி, நான் சொன்னது தவறு. அதனால்தான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப எழுதுகிறேன்: நவம்பரில் தோல்விகள் வரிசையாக வரும், ஊர் கொதிக்கும், யாராவது ஒரு பெயர் பெற்ற குவார்ட்டர்பேக்கைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். அந்த இரண்டு பிக்குகளையும் தொடக்கூடாது.

டொலீடோ: ஷெடூர் எப்போ ஆடுவார்?

அக்ரன்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

டெட்ராய்ட்: வாட்சன் ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டா பணம் மிச்சமாகாதா?

ஆகாது. ஐந்து வருடம், 23 கோடி டாலர், மொத்தமும் உத்தரவாதம். வெட்டிவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் புகாரில் வழக்குத் தொடுத்திருந்த நேரத்தில் அதைக் கொடுத்தார்கள். அவர் மறுத்தார். பிறகு லீக் அவருக்கு 11 ஆட்டத் தடையும் 50 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. அந்த மார்ச் மாதம் என் மகள் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆட்டக் கணக்குக்கு முன்னால் எனக்கு அதுதான் நிற்கிறது.

இனி கணக்கு. வருடம் 4.6 கோடி டாலர். இந்த வருடம் ஓர் அணி செலவழிக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 27.92 கோடி. அவருடைய முழுத் தொகையும் ஒரே வருடத்தில் ஏறினால் தாங்காது. அதனால் வருடாவருடம் சம்பளத்தின் பெரும்பகுதியை போனஸாக மாற்றுகிறார்கள். பணம் அவர் கைக்கு இன்றே போய்விடும். கணக்கில் மட்டும் அதைப் பல வருடங்களுக்குப் பிரித்து எழுதலாம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே போவது மாதிரி, பாக்கி எங்கேயும் போகாது, பின்னால் வந்து நிற்கும். மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். குதிகால் தசைநார் இரண்டு முறை அறுந்து, இந்த வருடமும் அவர் ஆடுவது சந்தேகம். உரிமையாளரே இந்தப் பேரம் தவறிப்போனது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

டப்ளின், ஒஹாயோ: நம்ம பரம எதிரி மிச்சிகன் காலேஜ் பையனை நாம எடுக்கலாமா? இது ஒஹாயோ சார்!

மேசன் கிரஹாம் எதிரணி லைனை உள்ளிருந்து உடைப்பார். காரெட் பக்கத்தில் அப்படி ஒருவர் நின்றால் இரண்டு பேர் சேர்ந்து காரெட்டைத் தடுப்பது சிரமம். காலேஜ் சட்டை முக்கியமில்லை. மனம் ஆறவில்லையென்றால், ஜட்கின்ஸ் நம் ஒஹாயோ ஸ்டேட் காலேஜ் பையன்தான்.

பிட்ஸ்பர்க் (பிரவுன்ஸ் ரசிகை): காரெட் பிப்ரவரியில போறேன்னு சொன்னாரு, மார்ச்ல பணம் குடுத்ததும் இருந்துட்டாரு. அவரை நம்பலாமா அண்ணா?

அம்மா, ஸ்டீலர்ஸ் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கொடியைப் பிடிக்கிற உங்களுக்கு முதலில் வணக்கம். காரெட்டை நான் குறை சொல்ல மாட்டேன். எட்டு சீசனில் 102.5 சாக் (எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), 2023-இன் சிறந்த தடுப்பாட்டக்காரர், சீசன் முடிந்து நடக்கும் பிளே-ஆஃபில் வெற்றி கண்டது ஒரே ஒரு முறை. அவர் கேட்டது கோப்பைக்குப் போராடும் அணி. நிர்வாகம் கொடுத்தது நான்கு வருட நீட்டிப்பு, 16 கோடி டாலர். ஆட்டக்காரர் உண்மையைச் சொன்னார், நிர்வாகம் காசோலையால் பதில் சொன்னது. அவர் கேட்டதற்கான பதில் இன்னும் பாக்கி.

கென்டன்: ஆஃபென்ஸ் லைன் பத்தி யாருமே பேசலையே?

நீங்கள் ஒருவர் கேட்டீர்களே, நிம்மதி. ஏழு பேரை எடுத்தோம், அதில் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கிற ஆஃபென்ஸ் லைன்மேன் ஒருவர்கூட இல்லை. ஜோயல் பிடோனியோவுக்கு 33 வயது, 2014-இல் வந்தவர், ஓய்வு பெறாமல் இன்னொரு வருடம் நிற்கிறார். வயாட் டெல்லர், ஜாக் கான்க்லின் இருவருக்கும் முப்பது. புதிய குவார்ட்டர்பேக்கை எங்கிருந்து கொண்டுவந்தாலும் அவருக்கு முன்னால் சுவர் வேண்டும். 1999-இல் டிம் கவுச்சை முதல் இடத்தில் எடுத்து, காக்க ஆளில்லாமல் அடிவாங்க விட்டதை நான் கண்ணால் பார்த்தவன். ஜாக்சன்வில்லிடம் வாங்கிய அந்த 2026 பிக்கில் லைன்மேன் ஒருவரை எடுத்தாலும் கைதட்டுவேன்.

மேசன், ஒஹாயோ: ஷெடூருக்கு ஏன் வாய்ப்பே தரமாட்டேங்கறாங்க?

மே மாதம் நடக்கிறது. இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் எதிரே நிற்பவர்களில் பாதிப் பேர் அணியிலேயே இருக்க மாட்டார்கள், அதையும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஷெடூர் பற்றிய கேள்விகளை இத்துடன் நிறுத்துகிறேன்.

யங்ஸ்டவுன்: நிக் சப் திரும்ப வருவாரா?

ஜட்கின்ஸ், சாம்ப்சன் என்று ஓடுகிறவர்களை இருவராக எடுத்த பிறகு வழியில்லை என்றே நினைக்கிறேன். 2018-இல் 35-ஆவதாக வந்தவர். 2023-இல் பிட்ஸ்பர்க் மைதானத்தில் அவர் முழங்கால் மடிந்தபோது நான் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அதிகம் பேசாமல், நாடகம் ஆடாமல், பந்தை வாங்கி நேராக ஓடிய ஆட்டக்காரர். எந்த அணிக்குப் போனாலும் அவர் ஓடுவதைப் பார்ப்பேன்.

பார்மா: புரூக் பார்க்ல புது மைதானம் கட்டணுமா, ஏரிக்கரையிலயே இருக்கணுமா?

நகர வரிப்பணம் அறிந்தவர்களிடம் கேளுங்கள். அணி ஊரை விட்டுப் போகாமல் இருந்தால் எனக்குப் போதும்.

சான் ஹோசே: மொத்தத்துல இந்த வருஷம் எத்தனை ஜெயிப்போம்?

ஐந்து, மிஞ்சினால் ஆறு. முதல் ஆறு ஆட்டங்களைப் பாருங்கள்: பெங்கால்ஸ், ரேவன்ஸ், பேக்கர்ஸ், லயன்ஸ், வைக்கிங்ஸ், ஸ்டீலர்ஸ். 2024-இல் தோல்வியைவிட வெற்றி அதிகம் கண்ட அணிகள்தான் ஆறுமே. லயன்ஸ் 15, வைக்கிங்ஸ் 14. அக்டோபர் பாதியில் நாம் 1-5 என்று நின்றால் அதிர்ச்சியடைய வேண்டாம், யாரையும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லவும் வேண்டாம்.

மென்டர்: என் பையனுக்கு எட்டு வயசு. முதல் ஜெர்சி வாங்கித் தரணும். யார் பேரு போடலாம்?

73-ஆம் எண், ஆஃபென்ஸ் லைன்மேன் ஜோ தாமஸ். 2007-இல் மூன்றாவதாக வந்தார். ஸ்னாப் என்பது பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும்; அப்படி 10,363 ஸ்னாப், ஒன்றுகூட விடாமல் ஆடினார். ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட அவருக்கு நாம் கொடுக்கவில்லை. ஆனாலும் போகவில்லை. பையனுக்கு அந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.

லண்டன்: அக்டோபர் 5 வைக்கிங்ஸ் ஆட்டம் இங்கதான் நடக்குது. போகலாமா அண்ணே?

தாராளமாக. டாட்டன்ஹாம் மைதானம், உங்கள் நேரம் மதியம் 2:30. கணக்குப்படி அது நம் சொந்த மைதான ஆட்டம், அதனால் ஆரஞ்சு போட்டுக்கொண்டு போங்கள். எங்களுக்கு இங்கே காலை ஒன்பதரை, இட்லி தட்டோடு உட்கார்ந்திருப்போம்.