செவ்வாய் மாலை ஏழு மணி: வழிகாட்டித் தொண்டூழியம் பற்றிய கேள்விகள்

கேள்வி: உயர்நிலை இரண்டில் படிக்கும் பையன் ஒருவனுக்கு ஓர் அமைப்பின் வழியாக வழிகாட்டித் தொண்டூழியராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரம் வந்தான். அதன்பிறகு ஆளும் இல்லை, வாட்ஸ்அப்பில் பதிலும் இல்லை. அவனுக்கு விருப்பமில்லை என்று விட்டுவிடலாமா? – வாசகர், ஈஷூன்

பதில்: விட்டுவிடாதீர்கள். தொடக்க வாரங்களில் இப்படி இணைப்பு அறுந்துபோவது உண்டு. விருப்பமின்மையைவிட மிகச் சாதாரணமான காரணங்களே அதிகம்: அம்மாவுக்கு வேலைநேரம் மாறியிருக்கும், தங்கையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருக்காது. நீங்கள் செய்து வரச் சொன்ன கணக்கைச் செய்யாததால் முகம் காட்ட வெட்கப்படுவதும் உண்டு. வெட்கப்படும் பிள்ளையிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் இன்னும் தள்ளித்தான் போவான்.

பதில் எதிர்பார்க்காத ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: "செவ்வாய் 7 மணிக்கு நூலகத்தில் அதே மேசையில் இருப்பேன். முடியாவிட்டால் பரவாயில்லை, அடுத்த செவ்வாயும் இருப்பேன்." அனுப்பியதோடு நிறுத்தாமல் உண்மையிலேயே போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். மறுவாரமும் வரவில்லையென்றால் அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். பள்ளியையோ குடும்பச் சேவை நிலையத்தையோ தொடர்புகொண்டு விசாரிக்க அவர்களால் முடியும். நீங்களாக வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். சந்திப்பு எப்போதும் நாலு பேர் பார்க்கும் இடத்தில், அமைப்புக்கும் பெற்றோருக்கும் தெரிந்தே நடக்கட்டும்.

வந்தபிறகு என்ன செய்வது? பாடநூலை முதல் பக்கத்திலிருந்து தொடங்குவது வீண். கடைசியாக எழுதிய தேர்வுத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, தவறிய விடைகளை மட்டும் பாருங்கள். இயற்கணிதத்தில் −2(x − 3) என்பதை −2x − 6 என்று விரித்திருப்பான். "விதி தெரியவில்லையா?" என்று கேட்காதீர்கள். xக்கு 5 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இடப்பக்கம் −2 × 2, அதாவது −4. அவன் எழுதியதில் −10 − 6, அதாவது −16. இரண்டும் ஒத்துவரவில்லை என்பதை அவன் கண்ணாலேயே பார்த்துவிட்டால், +6 எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தன் விடையைத் தானே சரிபார்க்கும் வழியும் கைக்கு வந்துவிடும். ஒரு சந்திப்புக்கு இப்படி இரண்டு தவறுகள் போதும். பத்தைத் திருத்தினால் ஒன்றும் நிற்காது.

இன்னொன்று, பாடத்தை முடித்துவிட்டுப் பத்து நிமிடம் பையைத் திறக்கச் சொல்லுங்கள். அடியில் கசங்கிக் கிடக்கும் ஒப்புதல் படிவம், உதவிநிதி விண்ணப்பம், கடைசித் தேதி தாண்டிய கடிதம் எல்லாம் வெளியே வரும். இந்தப் பிள்ளைகள் பல வாய்ப்புகளை இழப்பது மதிப்பெண் குறைந்ததால் அல்ல, யாரும் கையெழுத்துப் போடாத தாளால். இது எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: அவனிடம் நல்ல மடிக்கணினி இல்லை. நான் வாங்கித் தரலாமா? – அதே வாசகர்

பதில்: வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லாருக்கும் பள்ளி வழியாகக் கற்றல் சாதனம் உண்டு. மாணவர் பெயரில் அரசாங்கம் கல்விக்காகப் போடும் எடுசேவ் பணத்தை அதற்குப் பயன்படுத்தலாம், வசதி குறைந்தவர்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு. அது பழுதாகிக் கிடக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்கு இணையம் இல்லையென்றால், வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை விலையில் இணையம் தரும் 'டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம்' அரசாங்கத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். பணமும் பரிசும் உங்கள் கையிலிருந்து போனால், அடுத்த முறை அவன் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

கேள்வி: என் கணவரும் நானும் சேர்ந்து மாதம் 4,800 வெள்ளி சம்பாதிக்கிறோம். இரண்டு பிள்ளைகள், மாமியார் எங்களோடு இருக்கிறார். 4,000 வெள்ளிக்கு மேல் என்றால் பள்ளி உதவி கிடைக்காது என்று தோழி சொன்னார். – வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தோழி சொன்னது பாதிதான் சரி. கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டத்துக்கு இரண்டு வரம்புகள் உள்ளன, ஒன்று பொருந்தினால் போதும். 2025 முதல் குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் இருக்கலாம், அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருக்கலாம். உங்கள் வீட்டில் ஐந்து பேர். 4,800ஐ ஐந்தால் வகுத்தால் 960. மாமியாரைக் கணக்கில் விட்டுவிட்டால் 1,200 ஆகிவிடும், அங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். அவருக்கென்று வருமானம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூர்க் குடிமக்களாக, அரசாங்க அல்லது அரசாங்க உதவிபெறும் பள்ளியில் படிப்பவர்களாக இருக்க வேண்டும். பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, உணவு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் இதில் உதவி கிடைக்கும். விண்ணப்பத்தைப் பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். துணைப்பாட வகுப்பு வேண்டுமென்றால் 1991இல் தொடங்கப்பட்ட, இந்தியச் சமூகத்தின் சுயஉதவி அமைப்பான சிண்டாவிடம் கேளுங்கள்.

கேள்வி: மகள் கணக்கை ஜி1 நிலையில், அதாவது மூன்று நிலைகளில் எளிதானதில், படிக்கிறாள். இனி கதவு அடைத்துவிட்டதா? – வாசகி, ஜூரோங்

பதில்: இல்லை. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பழைய பிரிவுகள் இல்லை, பாடத்துக்குப் பாடம் நிலை (ஜி1, ஜி2, ஜி3) வேறுபடலாம். தேர்ச்சியைப் பார்த்து ஒரு பாடத்தை மேல்நிலையில் எடுக்கப் பள்ளி அனுமதிக்கும். 2027 முதல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்தான், ஒவ்வொரு பாடத்தையும் எந்த நிலையில் எழுதினார் என்பது அதில் இருக்கும். கணக்கு ஜி1 என்பதற்காக மற்ற பாடங்களையும் கீழிறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது. அந்தக் கழகத்தின் பொது வரவேற்பு நாளில் மகளை அழைத்துப் போய் மின்னியல், சமையல், தாதிமை என்று பட்டறைகளைக் கண்ணால் பார்க்கவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதத்தில் வேலை மாற்றலாகி வெளிநாடு போகிறேன். என் மாணவியிடம் எப்போது சொல்வது? – வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: இப்போதே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். மாணவியிடம் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், தேர்வு வாரத்தில் சொல்லாதீர்கள். கடைசி மூன்று சந்திப்புகளுக்குப் புதிய வழிகாட்டியையும் அழைத்து வாருங்கள்: முதலாவதில் அவர் சும்மா உட்காரட்டும், இரண்டாவதில் பாதி நேரம் அவர் சொல்லித்தரட்டும், மூன்றாவதில் நீங்கள் உட்காருங்கள். கிழமையையும் மேசையையும் மட்டும் மாற்றவேண்டாம்.