கேளுங்கள், சொல்கிறேன்: மாட்டுத்தோல் கேடயம்

கேள்வி: டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ஒரு ஜூலு கேடயம் வாங்கினேன். இரண்டு சாண் உயரம், கனமே இல்லை. இதை வைத்துக்கொண்டா துப்பாக்கிக்கு முன்னால் நின்றார்கள்?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: ஐயா, நீங்கள் வாங்கியது சுவரில் மாட்டுகிற சாமான். போருக்குப் போன 'இசிஹ்லாங்கு' என்ற பெரிய கேடயம் ஆளை ஏறக்குறைய முழுதாக மறைக்கும். ஆனாலும் கடைக்காரர் உங்களை ஏமாற்றிவிடவில்லை, திருப்பிப் பாருங்கள். நடுவே மேலிருந்து கீழாக ஒரு கம்பு ஓடும். தோலில் இரண்டு வரிசையாகக் கீறி, வேறு நிறத் தோல்வாரை உள்ளும் வெளியுமாகக் கோத்திருப்பார்கள். முன்னால் பார்த்தால் அழகுக்குப் போட்ட கட்டம் போலத் தெரிவது, உண்மையில் கம்பைப் பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்கிறது. அசலில் கம்பின் தலையில் புனுகுப்பூனை இனத்து விலங்கின் ரோமம் சுற்றியிருக்கும்.

அசல் கேடயம் வீரனுக்குச் சொந்தம் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. மாடு ராஜாவுடையது, ஆகவே கேடயமும் ராஜாவுடையது. படைக் குடியிருப்புகளில், எலியும் செல்லும் அரிக்காமல் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய கிடங்கில் அடுக்கி வைத்திருப்பார்கள். இளவட்டங்களின் படைக்குக் கறுப்பு. கல்யாணம் செய்துகொள்ள ராஜா அனுமதித்த மூத்த படைகளுக்கு வெள்ளை. தூரத்திலிருந்தே எந்தப் படை வருகிறது என்று தெரிந்துவிடும். ஒரே நிறத்தில் அத்தனை தோல் வேண்டும் என்றால் மந்தை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். பிற்காலத்தில் இந்த நிறக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. 1879 போரின்போது ராஜாவாக இருந்த செட்ஷ்வாயோ காலத்துக்குள் ஓடுவதற்கு வசதியான சிறிய கேடயமும் புழக்கத்துக்கு வந்திருந்தது.

சரி, துப்பாக்கி. பிரிட்டிஷ் சிப்பாய்களின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக் குண்டை மாட்டுத்தோல் தடுக்காது, அது அவர்களுக்கும் தெரியும். கேடயம் எறியீட்டிக்கும் கைகலப்புக்கும்தான். அதன் விளிம்பை எதிராளியின் கேடயத்தில் கொக்கி போல மாட்டி இழுத்தால் அவனுடைய இடது விலா திறந்துகொள்ளும். அங்கே குட்டையான 'இக்ல்வா' ஈட்டி இறங்கும். இந்த வித்தையை, முந்தைய ஜூலு ராஜா ஷாகாவின் பேரில் சொல்வார்கள். 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் சுமார் 20,000 பேர் நெருங்கிவிட்டதால் ஜெயித்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள். அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டியில், தொடர்ந்து சுடும் கேட்லிங் துப்பாக்கி நெருங்கவே விடவில்லை.

கேள்வி: என் பேரன் ரோமானியர் கேடயம்தான் உலகத்திலேயே சிறந்தது என்று சண்டை போடுகிறான். உண்மையா?
- வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: அம்மா, பேரன் பாதி சரி. ரோமானியக் கேடயம் ஒட்டுப்பலகை. சிரியாவின் டூரா-யூரோப்போஸில் கிடைத்த 3-ஆம் நூற்றாண்டுக் கேடயத்தில் மெல்லிய மரச் சீவல்களை மூன்று அடுக்காக, குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, வளைத்திருக்கிறார்கள். பலர் சேர்ந்து பக்கவாட்டிலும் தலைக்கு மேலும் பிடித்தால் ஆமை ஓடு மாதிரி கூரையாகிவிடும், கோட்டைச் சுவரை நெருங்க அது போதும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு ஜூலு வீரன் மாதிரி மலையிலும் மேட்டிலும் ஓட முடியுமா என்று அவனிடம் கேளுங்கள்.

கிரேக்கக் கேடயம் இன்னும் வேடிக்கை. சுமார் 90 சென்டிமீட்டர் வட்டம், இடது முழங்கையை வளையத்தில் நுழைத்துப் பிடிப்பது. அதன் இடது பாதி பக்கத்து ஆளுக்குத்தான் உதவும். அதனால் ஒவ்வொருவனும் தன் வலப்பக்கத்து ஆளின் கேடயத்துக்குள் ஒதுங்கப் பார்த்து, மொத்தப் படையும் வலப்பக்கமாகவே நகர்ந்துபோகும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். பயம் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது பாருங்கள்!

கேள்வி: நம் ஊர்ப் பக்கம்?
- அதே வாசகி

பதில்: தமிழ்நாட்டு நடுகற்களில் பாருங்கள், ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவன் கையில் சில இடங்களில் கேடயமும் இருக்கும். இங்கே மாட்டுத்தோலில் கேடயம், அங்கே மாட்டுக்காகவே கேடயம். வடக்கே எருமைத் தோலிலும் காண்டாமிருகத் தோலிலும் வட்டக் கேடயம் செய்தார்கள். முகப்பில் நான்கு குமிழ்கள் தெரியுமே, அவை பின்பக்கக் கைப்பிடி வளையங்களைப் பிடித்திருக்கிற ஆணிகளின் தலை.

கேள்வி: இப்போது கேடயம் யாருக்கு வேண்டும்?
- வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கலவரம் அடக்கும் போலீஸுக்கு வேண்டும், பாலிகார்பனேட்டில், எதிரே என்ன பறந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே தடுக்கலாம். அப்புறம் கொடிகளுக்கு வேண்டும். பக்கத்து எஸ்வாட்டினி கொடியின் நடுவில் கறுப்பு வெள்ளைத் தோல் கேடயமே இருக்கிறது. நம் தென்னாப்பிரிக்காவுக்கும் உண்டு, பாஸ்போர்ட் அட்டையைப் பாருங்கள். 2000 ஏப்ரல் 27-இல் வந்த தேசியச் சின்னத்தின் நடுவில் ஒரு கேடயம், அதற்குள் சான் பழங்குடியினரின் லிண்டன் பாறை ஓவியத்திலிருந்து எடுத்த இரண்டு உருவங்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்கின்றன. மேலே ஈட்டியும் குண்டாந்தடியும் படுத்த வாக்கில் இருக்கும். சண்டை இல்லை என்று அர்த்தமாம்.