பீம் குறுக்கே வந்தால் டக்ட் என்ன செய்யும்? கஞ்சிக்கோடு ஃபோர்மேனிடம் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, 24 இன்ச் அகலம், 12 இன்ச் உயரத்தில் ஜிஐ டக்ட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் செய்த காற்றுக் குழாய்) ஓடுகிறது. ஓரிடத்தில் பீம் 2 இன்ச் இறங்கியிருக்கிறது. அங்கே மட்டும் உயரத்தைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம் தம்பி. உயரம் 10 என்றால், 288 சதுர இன்ச்சை 10ஆல் வகுத்து அகலம் 29 போதும் என்பார்கள். பரப்பு சரிதான். ஆனால் டக்ட் தட்டையாக ஆக ஆகச் சுற்றளவு கூடும், காற்று உரசுவதும் கூடும். 30க்கு 10 அடியுங்கள், பழைய உரசலே நிற்கும். அகலம் பக்கத்துக்கு 3 இன்ச் விரிகிறது. அளவு மாறும் அந்த இணைப்புத் துண்டுக்கு, அதாவது ரிடியூசருக்கு, 12 இன்ச் நீளமாவது விடுங்கள். வெடுக்கென்று விரித்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து சுழலும், சத்தம் வரும். அப்புறம், ஃபிளாஞ்சையும் (துண்டுகளைச் சேர்க்கும் விளிம்புச் சட்டம்) இன்சுலேஷனையும் சேர்த்து அளந்தீர்களா? ஷீட் மட்டும் நுழைந்தால் போதாது.

வேலந்தாவளம்: பீமில் ஓட்டை போட்டுக் கொண்டுபோனால்?

பதில்: தொடாதீர்கள். ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் எழுத்தில் தரட்டும்.

வாளையார்: தீயணைப்பு ஸ்பிரிங்க்லரின் தண்ணீர்க் குழாய் டக்டுக்கு நடுவே போகிறது. குழாயை மாற்ற மாட்டார்களாம்.

பதில்: முதலில் டக்டைத் திருப்பப் பாருங்கள். 90 டிகிரி எல்போ இரண்டுக்குப் பதில் 30 டிகிரியில் இரண்டு வளைவு. வழியே இல்லை என்றால் குழாயைச் சுற்றித் துளி வடிவத்தில் தகடு கட்டுங்கள். உருண்ட பக்கம் காற்று வரும் திசையில், கூர் வால் காற்று போகும் திசையில்.

கோவிந்தாபுரம்: தப்பு ஐயா! கூர் பக்கம்தானே காற்றைக் கிழிக்கும்?

பதில்: கிழிப்பது பிரச்சினையே இல்லை. குழாயைத் தாண்டியதும் காற்று ஒட்டாமல் பிய்வதுதான் பிரச்சினை. அந்த வெற்றிடத்தில்தான் சுழலும். வால் அந்த இடத்தை நிரப்புகிறது. விமான இறக்கையின் முன்விளிம்பு எப்படி இருக்கிறது? உருண்டுதான்.

கோவிந்தாபுரம்: எங்கள் சைட்டில் எல்லாரும் கூர் பக்கத்தை முன்னால் வைக்கிறோமே.

பதில்: அதனால்தான் அங்கே டேம்பரை (காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) முழுக்கத் திறந்தும் காற்று வருவதில்லையோ என்னவோ.

சித்தூர்: ஓட்டல் அடுப்பு எக்ஸாஸ்டுக்கும் இதே 24 கேஜ் ஜிஐ தகடு போடலாமா?

பதில்: கூடாது. எண்ணெய்ப் புகைக்கு 16 கேஜ் கறுப்பு இரும்பு (கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன்), மூட்டெல்லாம் முழு வெல்டிங். அது வெல்டர் வேலை, அவரைப் பிடியுங்கள்.

மீனாட்சிபுரம்: பீம் 3 இன்ச் இறங்கியிருக்கிறது, உயரத்தைக் குறைக்கலாமா?

பதில்: மேலே படியுங்கள். ஃபிளாஞ்சைச் சேர்த்து அளந்துவிட்டு வாருங்கள்.

வாளையார்: அண்ணா, வால் பக்கம் சரி. தகட்டுக்குள் குழாய் மூட்டு வரலாமா?

பதில்: வரவே கூடாது. கசிந்தால் டக்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். மூட்டு வெளியே இருக்கட்டும், குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றி சீலன்ட் பூசுங்கள்.

கோவிந்தாபுரம்: இறக்கை வேறு, டக்ட் வேறு ஐயா.

பதில்: காற்று ஒன்றுதானே!